பயன்படுத்தாத கிரெடிட் கார்டை மூடலாமா? ஸ்கோர் எங்கே அடிபடும், எங்கே அடிபடாது

"உங்கள் கிரெடிட் கார்டு ஓராண்டுக்கும் மேலாகப் பயன்படுத்தப்படவில்லை. 30 நாட்களுக்குள் பதில் வராவிட்டால் கணக்கு மூடப்படும்." இப்படி ஒரு செய்தி வந்ததும் குழப்பம் தொடங்கிவிடுகிறது. மூடினால் கிரெடிட் ஸ்கோர் விழுந்துவிடும் என்கிறார் ஒருவர். சும்மா கிடக்கும் கார்டு எப்போது வேண்டுமானாலும் வம்பில் மாட்டிவிடும், உடனே மூடு என்கிறார் இன்னொருவர். இரண்டிலும் உண்மை உண்டு. எது யாருக்குப் பொருந்தும் என்பது கையில் எத்தனை கார்டு இருக்கிறது, மாதாமாதம் எவ்வளவு பில் வருகிறது, விரைவில் பெரிய கடன் கேட்கும் எண்ணம் இருக்கிறதா, எந்த நாட்டில் கடன் கேட்கிறோம் என்பவற்றைப் பொறுத்தது.

ஸ்கோர் பற்றிய பயம் பெரும்பாலும் அளவுக்கு மீறியது என்பதே என் கருத்து. முறையாக மூடிய கார்டால் வரும் சேதம் சிறியது, சில மாதங்களில் சரியாகிவிடக்கூடியது. ஆண்டுக்கணக்கில் துரத்தும் சேதம் வேறு இரண்டு வழிகளில் வருகிறது: மூடாமலும் கவனிக்காமலும் விட்ட கார்டு, அரைகுறையாக மூடிய கார்டு. ஏன் என்பதை அடிப்படையிலிருந்து பார்ப்போம்.

## முதலில் சில சொற்கள்

கார்டு வேறு, கார்டுக் கணக்கு வேறு. பிளாஸ்டிக்கை இரண்டாக வெட்டிப் போட்டாலும் கணக்கு திறந்தேதான் இருக்கும். கார்டின் மேல் அச்சிட்ட காலாவதித் தேதி கடந்தாலும் அப்படித்தான். புதிய கார்டு வீட்டுக்கு வரும், அல்லது பழைய முகவரிக்குப் போகும். வங்கியிடம் கேட்டு, அது ஒப்புக்கொண்டு, "மூடப்பட்டது" என்று பதிவானால்தான் கணக்கு முடிந்தது.

லிமிட் என்பது அந்தக் கணக்கில் அதிகபட்சம் எவ்வளவு கடன் வாங்கலாம் என்ற வரம்பு. நிலுவை என்பது இதுவரை வாங்கிக் கட்டாமல் இருப்பது. மொத்த நிலுவை மொத்த லிமிட்டில் எத்தனை சதவீதம் என்பதே பயன்பாட்டு விகிதம். இந்தக் கட்டுரையில் அடிக்கடி வரப்போவது இதுதான்.

இந்தத் தகவல்களை எல்லா வங்கிகளிடமிருந்தும் திரட்டி வைத்திருப்பவை கடன் தகவல் நிறுவனங்கள். இந்தியாவில் டிரான்ஸ்யூனியன் சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், கிரிஃப் ஹை மார்க் என நான்கு இருக்கின்றன. இலங்கையில் கிரிப் என்று அழைக்கப்படும் கடன் தகவல் பணியகம். அமெரிக்காவில் எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், டிரான்ஸ்யூனியன். இவை வைத்திருக்கும் பதிவுதான் கிரெடிட் ரிப்போர்ட். அந்தப் பதிவை ஒரு சூத்திரத்தில் போட்டு எடுக்கும் எண் கிரெடிட் ஸ்கோர். சிபில் ஸ்கோர் 300 முதல் 900 வரை. அமெரிக்காவின் ஃபைகோ ஸ்கோர் 300 முதல் 850 வரை.

## ஸ்கோர் எதை எடைபோடுகிறது

சூத்திரத்தை யாரும் முழுதாக வெளியிடுவதில்லை. 1989-இல் அறிமுகமான ஃபைகோ ஸ்கோர் தன் எடைகளைத் தோராயமாகச் சொல்லியிருக்கிறது:

1. தவணை தவறாமல் கட்டிய வரலாறு: 35 சதவீதம்
2. எவ்வளவு கடன் நிற்கிறது, பயன்பாட்டு விகிதம் உட்பட: 30 சதவீதம்
3. கடன் வரலாற்றின் நீளம்: 15 சதவீதம்
4. புதிதாகக் கேட்ட கடன்கள்: 10 சதவீதம்
5. கடன் வகைகளின் கலவை: 10 சதவீதம்

மற்ற நிறுவனங்களின் எடைகள் வேறுபடலாம். பார்க்கும் விஷயங்கள் ஏறக்குறைய இவைதான். ஒரு கார்டை மூடுவது முதல் இனத்தைத் தொடுவதே இல்லை. கட்டிய வரலாறு கட்டியதுதான். நான்காவதையும் தொடாது. ஐந்தாவதில், வேறு கார்டு இருக்கும்வரை பெரிய மாற்றம் இல்லை. எஞ்சுவது இரண்டாவதும் மூன்றாவதும்.

## பயன்பாட்டு விகிதம்: அடி உண்மையில் விழும் இடம்

ஒருவரிடம் மூன்று கார்டுகள் என்று வைத்துக்கொள்வோம். முதல் கார்டின் லிமிட் 1,00,000. அதை அவர் தொடுவதே இல்லை. மற்ற இரண்டின் லிமிட் 60,000, 40,000. இந்த இரண்டிலும் சேர்த்து மாத பில் 50,000 வருகிறது. மொத்த லிமிட் 2,00,000. விகிதம் 25 சதவீதம். முதல் கார்டை மூடிய மறுமாதம் மொத்த லிமிட் 1,00,000 ஆகிவிடும். ஒரு ரூபாய்கூடக் கூடுதலாகச் செலவு செய்யாமலே விகிதம் 50 சதவீதத்துக்கு ஏறிவிடும். சூத்திரத்தின் கண்ணுக்கு இவர் திடீரென்று கடனில் நெருக்கப்படுபவராகத் தெரிவார். ஸ்கோர் குறையும்.

அதே மூன்று கார்டுகள் உள்ள இன்னொருவருக்கு மாத பில் 6,000 மட்டும். மூடுவதற்கு முன் 3 சதவீதம், மூடிய பின் 6 சதவீதம். இவருக்கு நடப்பது ஏறத்தாழ ஒன்றுமில்லை.

ஆகவே "மூடினால் ஸ்கோர் விழுமா" என்று பொதுவாகக் கேட்பதில் பயனில்லை. மூடிய பிறகு மிஞ்சும் லிமிட்டோடு தன் வழக்கமான பில்லை ஒப்பிட்டுப் பார்த்தால் ஒரு நிமிடத்தில் விடை தெரிந்துவிடும்.

இதில் மூன்று நுணுக்கங்கள் உண்டு.

முதலாவது, பில்லை ஒவ்வொரு மாதமும் முழுதாகக் கட்டிவிடுபவருக்கும் இந்த விகிதம் உண்டு. அமெரிக்காவில் பெரும்பாலான வங்கிகள் தகவல் நிறுவனத்துக்கு அனுப்புவது ஸ்டேட்மென்ட் போடும் நாளின் நிலுவை. நீங்கள் அடுத்த வாரமே கட்டினாலும், பதிவில் தெரிவது அந்த நாளின் தொகைதான். ஸ்டேட்மென்ட் தேதிக்கு முன்பே ஒரு பகுதியைக் கட்டிவிட்டால் விகிதம் தானாக இறங்கும்.

இரண்டாவது, எல்லோரும் சொல்லும் 30 சதவீதம் ஒரு கைக்கணக்கு. 29-இல் சொர்க்கம், 31-இல் நரகம் என்று கோடு ஏதும் கிழிக்கப்படவில்லை. குறையக் குறைய நல்லது, அவ்வளவே.

மூன்றாவது, பழைய ரகச் சூத்திரங்களில் இந்த விகிதத்துக்கு நினைவாற்றல் கிடையாது. இந்த மாதம் 50 சதவீதமாக இருந்து அடுத்த மாதம் 10 ஆனால், ஸ்கோரும் மீண்டுவிடும். வான்டேஜ்ஸ்கோர் 4.0, ஃபைகோ 10டி போன்ற புதியவை கடந்த 24 மாதப் போக்கைப் பார்க்கின்றன. அவற்றிலும் இந்த அடி நிரந்தரமானது இல்லை.

## "பழைய கார்டை மூடினால் வரலாறே போய்விடும்"

இது பரவலான பயம், பெரும்பாலும் தவறானது. மூடிய கணக்கு ரிப்போர்ட்டிலிருந்து மறுநாளே மறைவதில்லை. ஒழுங்காகக் கட்டி மூடிய கணக்கு அமெரிக்காவில் சுமார் 10 ஆண்டுகள், பிரிட்டனில் 6 ஆண்டுகள் பதிவில் நிற்கும். இந்தியாவில் தகவல் நிறுவனங்கள் குறைந்தது 7 ஆண்டுகள் தகவலை வைத்திருக்க வேண்டும். பதிவில் இருக்கும்வரை அந்தக் கணக்கின் வயதையும் ஃபைகோ சூத்திரம் கணக்கில் சேர்த்துக்கொள்கிறது. பழைய கணக்கு பதிவிலிருந்து விழும் காலத்தில் உங்களுடைய மற்ற கணக்குகளுக்கும் அத்தனை வயது கூடியிருக்கும்.

ஒரே ஒரு சூழலில் இந்தப் பயம் நியாயமானது: உங்களிடம் இருப்பது அந்த ஒரு கார்டுதான், வேறு கடன் எதுவும் இல்லை. ஃபைகோ ஸ்கோர் போடுவதற்கு ஆறு மாத வயதாவது ஆன ஒரு கணக்கும், கடந்த ஆறு மாதத்தில் தகவல் வந்த ஒரு கணக்கும் வேண்டும். இருக்கும் ஒரே கணக்கையும் மூடிவிட்டால், கொஞ்ச காலத்தில் ஸ்கோர் குறைவதற்குப் பதிலாக ஸ்கோரே இல்லாமல் போய்விடலாம். இவர்கள் அந்தக் கார்டை வைத்துக்கொள்வதே நல்லது.

## நாடு மாறினால் விடையும் மாறும்

மேலே சொன்ன கணக்கில் பயன்படுத்தாத லிமிட் உங்களுக்குச் சாதகம். ஆஸ்திரேலியாவில் வீட்டுக்கடன் கேட்டுப் போனால் அதே லிமிட் பாதகமாகிறது. அங்கே கடன் கொடுப்பவர்கள் உங்கள் நிலுவையைப் பார்ப்பதோடு நிற்பதில்லை. முழு லிமிட்டையும் நாளைக்கே நீங்கள் செலவழிக்கலாம் என்று எடுத்துக்கொண்டு, அதில் ஒரு பங்கை மாதச் செலவாகக் கழிக்கிறார்கள். 2019 ஜனவரி 1 முதல், கார்டு கொடுக்கும்போதே முழு லிமிட்டை மூன்றாண்டுக்குள் திருப்பிக் கட்டும் வசதி அந்த நபருக்கு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும் என்பது அங்கே விதி. தொடாத கார்டை மூடினாலோ, லிமிட்டைக் குறைத்தாலோ அங்கே வீட்டுக்கடன் தொகை கூடும்.

இணையத்தில் கிடைக்கும் அறிவுரைகளில் பெரும்பகுதி அமெரிக்க ஸ்கோரை மனதில் வைத்து எழுதப்பட்டது. "பழைய கார்டை ஒருபோதும் மூடாதே" என்பதை ஆஸ்திரேலியாவில் இருப்பவர் அப்படியே எடுத்துக்கொண்டால் அவருக்குக் கிடைக்கும் கடன்தான் குறையும்.

## வங்கி ஏன் தானாகவே மூடுகிறது

நீங்கள் பயன்படுத்தாவிட்டாலும் அந்த லிமிட் வங்கிக்கு ஒரு வாக்குறுதி. நீங்கள் நினைத்த நேரத்தில் எடுத்துவிடலாம் என்பதால் அதில் ஆபத்து இருக்கிறது, வருமானமோ இல்லை. பல நாட்டு வங்கிகளுக்குப் பொது விதிகளை வகுக்கும் பேசல் வங்கிக் கண்காணிப்புக் குழு 2017 டிசம்பரில் இறுதி செய்த விதிகளில், எப்போது வேண்டுமானாலும் ரத்து செய்யத்தக்க இத்தகைய வாக்குறுதிகளுக்கு முன்பிருந்த பூஜ்ய மதிப்பு நீக்கப்பட்டு, 10 சதவீதம் கடனாகக் கருதி மூலதனம் ஒதுக்க வேண்டும் என்று மாற்றப்பட்டது. அந்த விதி நடைமுறைக்கு வரும் இடங்களில், சும்மா கிடக்கும் லிமிட் வங்கிக்கு நேரடிச் செலவு.

இந்தியாவில் ரிசர்வ் வங்கி 2022 ஏப்ரலில் வெளியிட்டு அந்த ஆண்டு ஜூலை 1 முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்த நெறிமுறைகள் இதற்கு ஒரு வழி வகுத்தன. ஓராண்டுக்கு மேல் பயன்படுத்தப்படாத கார்டை, வாடிக்கையாளருக்குத் தெரிவித்துவிட்டு மூடும் வேலையை வங்கி தொடங்கலாம். 30 நாட்களில் பதில் இல்லையென்றால், நிலுவை ஏதும் இல்லாத நிலையில் கணக்கு மூடப்படும். தொடக்கத்தில் சொன்ன குறுஞ்செய்தியின் பின்னணி இதுதான். அதே வாசகத்தோடு போலிச் செய்திகளும் வரக்கூடும். செய்தியில் உள்ள லிங்க்கைத் தொடாமல், வங்கியின் செயலியிலோ கார்டின் பின்புறம் உள்ள எண்ணிலோ சரிபார்க்க வேண்டும்.

"அவசரத்துக்கு இருக்கட்டும்" என்று கார்டை வைத்திருப்பவர்களும் இதைக் கவனிக்க வேண்டும். 2008 நிதி நெருக்கடியிலும், 2020 பெருந்தொற்றிலும் அமெரிக்க வங்கிகள் லிமிட்டைக் குறைத்தன, பயன்படுத்தாத கணக்குகளை மூடின. எல்லோருக்கும் அவசரம் வரும் நேரத்தில் வங்கியும் கையை இறுக்கும். அவசரத்துக்குக் கையில் சேமிப்பு இருக்க வேண்டும். தொடாத லிமிட்டை அந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

## எப்போது மூடுவது சரி

ஆண்டுக் கட்டணம் உள்ள கார்டை ஸ்கோருக்காக மட்டும் வைத்திருப்பது பெரும்பாலும் வீண். கட்டணம் தள்ளுபடி ஆவதற்காக இத்தனை செலவு செய்ய வேண்டும் என்ற நிபந்தனைக்காகத் தேவையில்லாததை வாங்குவது அதைவிட மோசம்.

கட்டணமே இல்லாத கார்டிலும் ஒரு பெரிய ஆபத்து இருக்கிறது. அது நடக்கும் விதத்தைப் படிப்படியாகப் பார்க்க வேண்டும். கார்டைப் பயன்படுத்தாததால் யாரும் ஸ்டேட்மென்ட்டைத் திறப்பதில்லை. கைபேசி எண்ணோ மின்னஞ்சலோ மாறியிருக்கும். முதலாண்டு இலவசம் முடிந்து கட்டணம் விழும்; அல்லது மறந்துபோன ஒரு சந்தா பிடிக்கப்படும்; அல்லது யாரோ எண்ணைத் திருடி சிறு தொகைக்குப் பயன்படுத்தியிருப்பார். பில் போகிறது, கட்டப்படவில்லை. தாமதக் கட்டணம், அதற்கு வட்டி, மறுபடி தாமதக் கட்டணம். சில மாதங்களில் தகவல் நிறுவனத்தின் பதிவில் "90 நாள் தாமதம்" என்று ஏறிவிடும். ஸ்கோரில் அதிக எடை கொண்ட முதல் இனத்தில் விழும் அடி இது. அமெரிக்காவில் இத்தகைய பதிவு 7 ஆண்டுகள் நிற்கும். ஸ்கோரைக் காப்பாற்ற வைத்திருந்த கார்டே அதைக் கெடுக்கும் என்பதால்தான், கவனிக்க முடியாத கார்டை மூடிவிடுங்கள் என்று நான் அழுத்திச் சொல்கிறேன்.

கையில் லிமிட் இருந்தால் செலவு கட்டுக்குள் நிற்காது என்பவருக்கும் மூடுவதே சரி. ஸ்கோர் சில புள்ளிகள் குறைவதைவிடக் கார்டுக் கடனின் வட்டி பல மடங்கு கொடியது. கூட்டாக வைத்திருந்த கணக்கு, பிரிந்து போனவரிடம் இன்னும் இருக்கும் கூடுதல் கார்டு இவற்றையும் யோசிக்காமல் முடித்துவிடலாம்.

## எப்போது காத்திருக்கலாம்

வீட்டுக்கடனோ வாகனக் கடனோ சில மாதங்களில் கேட்கப்போகிறீர்கள், உங்கள் நாட்டில் பயன்பாட்டு விகிதம் முக்கியம் என்றால், கடன் கைக்கு வந்த பிறகு மூடலாம். வேறு கார்டில் பெரிய நிலுவை நின்றால் அதை முதலில் இறக்குங்கள். ஆண்டுக் கட்டணம் விழும் மாதம் நெருங்கினால், அதற்கு முன்பே முடிவெடுங்கள்.

வைத்துக்கொள்வதற்கும் மூடுவதற்கும் நடுவே வேறு வழிகளும் உண்டு. அதே வங்கியின் கட்டணமில்லாத கார்டுக்கு மாற்றித் தரச் சொல்லலாம். பல வங்கிகள் கணக்கின் வயது தொடரும்படியே மாற்றித் தருகின்றன. அதே வங்கியில் இரண்டு கார்டு இருந்தால், மூடும் கார்டின் லிமிட்டை மற்றதில் சேர்க்கச் சொல்லலாம்; விகிதச் சிக்கல் அத்துடன் தீர்ந்தது. வைத்துக்கொள்வதாக முடிவெடுத்தால், தொலைபேசிக் கட்டணம் போன்ற ஒரு சிறு பில்லை அதில் போட்டு, முழுத்தொகையும் வங்கிக் கணக்கிலிருந்து தானாகக் கட்டும்படி செய்துவிடுங்கள். வெளிநாட்டுப் பரிவர்த்தனையையும் ரொக்கம் எடுப்பதையும் செயலியிலேயே நிறுத்தி வைக்கலாம்.

## மூடும்போது செய்ய வேண்டியவை

1. அந்தக் கார்டில் பிடிக்கப்படும் ஆட்டோ டெபிட், சந்தா, காப்பீட்டுப் பிரீமியம் எல்லாவற்றையும் வேறு கார்டுக்கு மாற்றுங்கள். கடந்த 12 மாத ஸ்டேட்மென்ட்டைப் பார்த்தால்தான் ஆண்டுக்கு ஒருமுறை பிடிப்பவை கண்ணில் படும்.

2. ரிவார்டு பாயின்ட்களைப் பயன்படுத்திவிடுங்கள். மூடியதும் அவை பெரும்பாலும் காலாவதியாகிவிடும்.

3. இஎம்ஐ ஓடிக்கொண்டிருந்தால் அதை முடிக்க ஆகும் தொகையைக் கேளுங்கள். கடைகளிலிருந்து வரவேண்டிய பணம் இருந்தால் அது வந்து சேரும்வரை காத்திருங்கள்.

4. நிலுவையை முழுதாகக் கட்டுங்கள். முந்தைய மாதங்களில் முழுத்தொகை கட்டாதவர்கள் இங்கே கவனிக்க வேண்டும். வட்டி நாள்தோறும் ஏறுவது. ஸ்டேட்மென்ட் போட்ட நாளிலிருந்து நீங்கள் கட்டிய நாள் வரைக்கும் சேர்ந்த வட்டி, அடுத்த பில்லில்தான் தெரியும். "எல்லாம் கட்டியாயிற்று" என்று நினைத்தவருக்கு ஒரு சிறு தொகை பாக்கி நிற்கும். அதைப் பார்க்காமல் விட்டால் மேலே சொன்ன தாமதக் கதை தொடங்கிவிடும். மூடும் நாளுக்கான மொத்தத் தொகை எவ்வளவு என்று வங்கியிடமே கேட்டுக் கட்டுங்கள்.

5. மூடச் சொல்லும் கோரிக்கையை எழுத்தில் கொடுத்து, கோரிக்கை எண்ணை வாங்கிக்கொள்ளுங்கள். இந்தியாவில் ஹெல்ப்லைன், மின்னஞ்சல், இணைய வங்கி, செயலி எனப் பல வழிகளை வங்கி திறந்து வைக்க வேண்டும். தபாலில்தான் அனுப்ப வேண்டும் என்று இழுத்தடிக்கக் கூடாது. நிலுவை இல்லாத கணக்கை 7 வேலை நாட்களில் மூட வேண்டும். தவறினால், மூடும்வரை நாளொன்றுக்கு 500 ரூபாய் வாடிக்கையாளருக்குக் கொடுக்க வேண்டும். கணக்கில் உங்கள் பணம் மிச்சமிருந்தால் அது உங்கள் வங்கிக் கணக்குக்கு வர வேண்டும்.

6. நிலுவை இல்லை, கணக்கு மூடப்பட்டது என்ற கடிதத்தை வாங்கிப் பத்திரப்படுத்துங்கள். பிறகு கார்டை, சிப்பும் காந்தப் பட்டையும் அறுபடும்படி வெட்டுங்கள்.

இடையில் அழைத்துப் பேசும் பிரதிநிதி சலுகைகளை அடுக்குவார். முடிவெடுத்துவிட்டால் பணிவாக மறுத்துவிடலாம். ஆனால் கட்டணத் தகராறு ஏதும் இருந்து, "ஒரு தொகை கட்டுங்கள், செட்டில் செய்துகொள்ளலாம்" என்று சொன்னால் உடனே ஒப்புக்கொள்ளாதீர்கள். முழுக்கடனைக் கட்டி முடித்தவருக்குப் பதிவில் வருவது "மூடப்பட்டது". குறைந்த தொகைக்கு முடித்தவருக்கு வருவது "செட்டில் செய்யப்பட்டது". பின்னதைப் பார்க்கும் அடுத்த வங்கி, இவர் முழுதாகக் கட்டவில்லை என்றே எடுத்துக்கொள்ளும். தவறாகப் போட்ட கட்டணம் என்றால், அதை நீக்கச் சொல்லி எழுத்தில் புகார் கொடுத்துவிட்டு, நீக்கிய பிறகு மூடுங்கள்.

## மூடிய பிறகு

மூடியதை 30 நாட்களுக்குள் தகவல் நிறுவனங்களுக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது இந்திய விதி. இரண்டு மாதம் கழித்து ரிப்போர்ட்டை எடுத்துப் பாருங்கள். இந்தியாவில் நான்கு நிறுவனங்களும் ஆண்டுக்கு ஒரு முழு ரிப்போர்ட்டை இலவசமாகத் தர வேண்டும். பார்க்க வேண்டியவை மூன்று: கணக்கு நிலை "மூடப்பட்டது" என்று இருக்கிறதா, நிலுவை பூஜ்யமா, கடைசி மாதங்களில் தாமதம் ஏதும் ஏறியிருக்கிறதா. நான்கிலும் பார்ப்பது நல்லது; ஒன்றில் திருத்தப்பட்டது மற்றொன்றில் திருத்தப்படாமல் கிடக்கலாம். மூடியது வங்கியா நீங்களா என்ற குறிப்பைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டாம்; ஃபைகோ சூத்திரம் இரண்டையும் வேறுபடுத்துவதில்லை.

பிழை இருந்தால், மூடிய கடிதத்தின் நகலோடு தகவல் நிறுவனத்திடமும் வங்கியிடமும் புகார் கொடுங்கள். இந்தியாவில் 2024 ஏப்ரல் முதல், இத்தகைய புகார் 30 நாட்களில் தீர்க்கப்படாவிட்டால் அதன்பின் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு உண்டு. அந்த 30 நாள் கணக்கு புகார் பதிவான நாளிலிருந்தே ஓடத் தொடங்கும் என்பதால், புகார் எண்ணையும் தேதியையும் குறித்து வையுங்கள்.